நம் காற்றைக் கழித்துப் பார்த்தவர்

பௌதிக லேபில் ஸ்பெக்ட்ராமீட்டரில் கண்ணை வைத்து சோடியம் கோட்டைத் தேடியவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெரியவர் ஜூல்ஸ் ஜான்சென். 1824-ல் பாரிஸில் பிறந்தவர். சின்ன வயதில் நேர்ந்த விபத்தில் கால் ஊனமாகிவிட்டது. இளமையில் பேங்க் வேலை பார்த்தார்.

சூரிய ஒளியைப் பிரித்தால் நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். சூரியனில் உள்ள வாயுக்கள் ஒளியை விழுங்குவதால் வருபவை அவை. ஆனால், நம்மிடம் வந்து சேருமுன் அந்த ஒளி பூமியின் காற்றையும் கடக்கிறதே! காற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கிவிடும். எது சூரியனுடைய கோடு, எது நம்முடையது? இது தெரியாமல் சூரியனில் இது உண்டு, அது உண்டு என்று சொன்னால் கணக்கே தப்பு.

சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது சில கோடுகள் அதிகம் கறுப்பதை ஜான்சென் கவனித்தார். ஒளி அப்போது அதிகக் காற்றைக் கடக்கிறது, அதான் காரணம். சந்தேகம் தீர 1864-ல் ஜெனீவா ஏரிக்கரையில் விறகை எரிக்கச் சொல்லி, சுமார் 21 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தார். பக்கத்தில் தெரியாத கோடுகள் அங்கே தெரிந்தன! 1866-ல் பாரிஸ் கேஸ் தொழிற்சாலையில் 37 மீட்டர் இரும்புக் குழாயில் நீராவியை நிரப்பி, சில கோடுகள் நீராவியின் வேலையே என்று நிரூபித்தார்.

கிரகணம் என்றால் மனுஷன் வீட்டில் இருக்கமாட்டார். 1868-ல் குண்டூர் வந்தார். 1870-ல் முற்றுகையிட்ட பாரிஸிலிருந்து பலூனில் பறந்து அல்ஜீரியா போனார்; அங்கே மேகம் மறைத்துவிட்டது. மனம் தளராமல் 1871-ல் நம் நீலகிரியில் சோலூருக்கு வந்து பார்த்தார்.

சூரியனில் தெரியும் ஆக்ஸிஜன் கோடுகள் யாருடையவை என்ற கேள்வி மட்டும் பாக்கி. மேலே போகப்போக அவை மங்கினால் அவை நம்முடையவை. 1890-ல், 66 வயதில், சுமார் 4,800 மீட்டர் உயர மோன் பிளாங்க் சிகரத்துக்குப் புறப்பட்டார். நடக்க முடியாதவரைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து ஆட்கள் இழுத்துப்போனார்கள். கோடுகள் மங்கத்தான் செய்தன. பிற்பாடு, வேறு கோடுகளை வைத்து, சூரியனிலும் ஆக்ஸிஜன் உண்டென்று தெரியவந்தது. அதனால் இவர் உழைப்பு வீணாகவில்லை. இவர் கழித்தது கழித்ததுதான்.

1907-ல் ஜான்சென் மறைந்தார். இன்றும் வானியலார் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால், சொந்தக் கோடுகள் குறைவாக உள்ள சூடான இன்னொரு நட்சத்திரத்தையும் அதே உயரத்தில் பார்த்து, காற்றின் பங்கை நீக்கிவிடுகிறார்கள். மற்றவரிடம் கறை காணுமுன் நம் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், இல்லையா நண்பர்களே!