மறைமலை நகர்: அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார்?

பீச் - செங்கல்பட்டு மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போறீங்களா? வழியில் வரும் பல்லாவரம், தாம்பரம், மறைமலை நகர் மூன்றுக்கும் ஒரே மனிதரோடு தொடர்பு உண்டு. அவர் மறைமலை அடிகள். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படிச்சிருப்போம். அதற்கு முன்பே அவர் செய்த ஒரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நாகப்பட்டினத்தில் 1876-ல் பிறந்தவர். இயற்பெயர் வேதாசலம். 1898-ல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். இன்று தாம்பரத்தில் இருக்கும் அதே எம்.சி.சி.தான். அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது.

அப்படி என்ன செய்தார்?

உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்ட பிறகு, சங்கப் பாடல்கள் வகுப்பறைக்கு வந்தன. கூடவே நச்சினார்க்கினியரின் பழைய உரையும் வந்தது. அந்த உரை, பொருள் சொல்வதற்காக எங்கோ இருக்கும் அடியை எடுத்து வேறு எங்கோ சேர்க்கும். மாணவர்களுக்குத் தலை சுற்றும்.

வேதாசலம் இதை ஏற்கவில்லை. புலவர் பாடிய வரிசையிலேயே பாட்டைப் படிக்கணும் என்றார். மேலைநாட்டுத் திறனாய்வு முறையையும் சேர்த்துக்கொண்டு 1903-ல் முல்லைப்பாட்டுக்கும், 1906-ல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சி நூல் எழுதினார். உரையாசிரியர் சொன்னதே முடிவு என்றிருந்த காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

வேலையை ஏன் விட்டார்?

பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. தமிழாசிரியர்களின் பிழைப்பே கேள்விக்குறியானது. 13 ஆண்டுப் பணிக்குப் பின் 1911-ல் கல்லூரியை விட்டு, குடும்பத்தோடு பல்லாவரத்தில் குடியேறினார். மாதச் சம்பளம் இல்லை. நூல்களும் சொற்பொழிவுகளும்தான் வருமானம். அங்கிருந்தபோதுதான் 1916-ல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய ஞானசாகரம் இதழ் அறிவுக்கடல் ஆனது.

அவர் விட்டுச்சென்றது என்ன?

1950 செப்டம்பர் 15-ல் மறைந்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 4,000 நூல்களைப் பொதுமக்களுக்கு என்று விட்டுச்சென்றார். அவை 1958-ல் மறைமலையடிகள் நூலகம் ஆயின.

முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடிகள். போருக்குப் போன தலைவன், மழைக்காலத்தில் அவனுக்காகக் காத்திருக்கும் தலைவி, அவ்வளவுதான் கதை. பல்லாவரத்தில் ரயில் ஏறினால், மறைமலை நகர் வருவதற்குள் படிச்சு முடிச்சிடலாம். முதல் அடியில் தொடங்கி, அதே வரிசையில்.