பீர் பிடிக்காத பாஸ்டர்… பீர் கெட்டுப்போவது ஏன் என்று கண்டுபிடித்த கதை!

பால் பாக்கெட்டில் பாஸ்டரைஸ்டு என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் விற்கும் பெரும்பாலான பாட்டில் பீருக்கும் அதே சூடு காட்டும் வேலை நடந்திருக்கும். கிராஃப்ட் பீர் ஊற்றித் தரும் இடங்களில் மட்டும் கதை தலைகீழ். எங்களோடது பாஸ்டரைஸ் பண்ணாதது என்பதையே பெருமையாகச் சொல்வார்கள்.

இரண்டு பக்கமும் இழுக்கும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் லூயி பாஸ்டர். பிரான்ஸ்காரர். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அதற்குப் பல வருஷம் முன்னால் மனுஷன் ராப்பகலாக உட்கார்ந்து ஆராய்ந்தது பீரை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு பீரே பிடிக்காது.

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் தோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். அதற்கு முன் நெப்போலியன் படையில் சிப்பாய். குடும்பம் பிறகு ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபோனது. அது ஒயின் ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். ஆக, பாஸ்டரின் நாக்கு ஒயினில் வளர்ந்த நாக்கு.

படித்தது வேதியியல். 1854-ல் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறைத் தலைவர் ஆனார். 1856-ல் அந்த ஊர்த் தொழிலதிபர் ஒருவர் வந்து நின்றார். பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுப்பவர். சில தொட்டிகள் நன்றாக வருகின்றன, சில புளித்து நாசமாகின்றன, காரணம் தெரியவில்லை என்றார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஆலைக்கே போய்விட்டார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள். கெட்ட தொட்டியில் அவற்றோடு வேறு ஏதோ நீளவாக்கில் இருந்தது.

புளிப்பதும் நொதிப்பதும் வெறும் வேதிவினை என்று பெரிய பெரிய வேதியியலாளர்களே நம்பிய காலம் அது. பாஸ்டரோ, இது உயிருள்ள ஜீவன் செய்யும் வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஜீவன் என்ற முடிவுக்கு வந்தார். தோசை மாவு புளிப்பதைத் தினமும் பார்க்கும் நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் உறவுக்காரர்கள்தான் அந்தத் தொட்டிகளிலும் புகுந்திருந்தார்கள். நமக்கு வேண்டியவர்கள், அந்த ஆலைக்கு வேண்டாதவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கெடுவது வேறு, பழசாவது வேறு

1863-ல் மன்னர் மூன்றாம் நெப்போலியன், பிரான்ஸின் ஒயின் ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்க்கச் சொன்னார். பாஸ்டர் ஆர்புவாவுக்கே திரும்பிப் போய்ச் சோதனைகளைத் தொடங்கினார். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும், கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும் என்று கண்டார். பாஸ்டரைஸ் பண்ணுவது என்பது இங்கே பிறந்ததுதான், பாலில் இல்லை.

இதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. அதிகம் பேசப்படாத விஷயம். சில கண்ணாடிக் குழாய்களில் விளிம்புவரை ஒயினை நிரப்பி மூடினார். சிலவற்றில் பாதிவரை மட்டும் நிரப்பி, மேலே காற்றை விட்டு மூடினார். முதல் வகை அப்படியே இருந்தது. இரண்டாம் வகையில் நிறம் மாறியது, அடியில் வண்டல் படிந்தது, ருசியும் பழைய ஒயின் ருசி ஆனது. அங்கே கிருமி வேலை எதுவும் இல்லை. வேலை பார்த்தது ஆக்சிஜன். மரப்பீப்பாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும் ஆக்சிஜன்தான் ஒயினை முதிரவைக்கிறது. மொத்தமாக நுழைந்தால் பாழாக்குகிறது.

இன்றைக்கு பீர் விஷயத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. இதற்குப் பிறகு வருவோம்.

பழிவாங்கும் பீர்

அடுத்த சில வருஷங்கள் அவருக்குக் கொடுமையானவை. மூத்த மகள் 1859-லேயே டைஃபாய்டில் போய்விட்டாள். 1865-ல் இன்னொரு மகள், 1866-ல் மற்றொருத்தி. 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அப்போது வயது 45. அதற்குப் பிறகு வந்ததெல்லாம், இழுத்து இழுத்து நடந்த ஒரு மனிதரின் வேலை.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். பிரான்ஸ் தோற்றது. படையில் இருந்த மகனைத் தேடி, 1871 ஜனவரிக் குளிரில், தோற்றுத் திரும்பும் சிப்பாய்களுக்கு நடுவே அலைந்து கண்டுபிடித்தார் பாஸ்டர். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு ஜெர்மனியை எதில் ஜெயிக்கலாம் என்று யோசித்தவர் பிடித்தது பீரை! கிளெர்மோன் ஃபெரான் நகரில் மாணவர் துக்ளோவின் வீட்டில் தங்கி, பக்கத்து ஊர் பீர் ஆலைக்குப் போய்வர ஆரம்பித்தார். 1871 ஜூனில் காப்புரிமையும் எடுத்தார். அந்த முறையில் தயாராகும் பீருக்கு அவர் கேட்ட பெயர், தேசப் பழிவாங்கலின் பீர். ஒரு விஞ்ஞானிக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால், அந்தக் கோபம் இல்லையென்றால் பிடிக்காத பானத்துக்கு ஐந்து வருஷம் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகமே.

அந்த செப்டம்பரில் லண்டன் போனார். விட்பிரெட் என்ற பெரிய ஆலையில், போர்ட்டர் எனும் கறுப்பு பீரின் ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இது சரியில்லையே என்றார். நிர்வாகிகள் அசந்துபோனார்கள். அன்று காலைதான் வேறு ஆலையிலிருந்து புது ஈஸ்ட் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி போனபோது ஆலையில் சொந்தமாக மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்.

பாரிஸ் ஆய்வகத்தில் பழைய நண்பர் பெர்தான் அவரைச் சும்மா விடவில்லை. பெர்தான் பீர் ரசிகர். எது எந்த பீர் என்று நாக்கால் சொல்லிவிடுவார். பாஸ்டருக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. முதலில் நல்ல பீராக ஒன்று கொடு, ஆராய்ச்சியைப் பிறகு பேசலாம் என்கிற ரீதியில் கிண்டல் ஓடும்.

1876-ல் பீர் பற்றிய அவரது பெரிய புத்தகம் வந்தது. பீரில் வரும் ஒவ்வொரு கெட்ட ருசிக்குப் பின்னாலும் ஒரு கிருமி இருக்கிறது என்பது அதன் சாரம். இங்கேதான் முக்கியமான இடம். ஒயினுக்குச் செய்ததுபோல பீரையும் சூடாக்கிவிடலாமே? செய்யலாம். ஆனால், பீரின் நுட்பமான ருசி சூட்டில் அடிபடுகிறது என்று அவரே எழுதினார். அவர் விரும்பிய வழி வேறு: தானியச் சாற்றைக் காற்றிலிருந்து விலக்கி மூடிய பாத்திரத்தில் ஆறவைப்பது, சுத்தமான ஈஸ்ட் போடுவது, கிருமியை உள்ளேயே விடாமல் இருப்பது. கிட்டத்தட்ட இன்றைய நல்ல கிராஃப்ட் பீர்க்காரர் சொல்வதும் இதைத்தான். உலகம் எடுத்துக்கொண்டது சூடு காட்டும் சுலப வழியை. அதற்குத்தான் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது!

அவர் குப்பை என்றது, வேறொருவருக்கு ருசி

சுத்தமான ஈஸ்ட் என்பதை முழுசாகச் செய்து காட்டியது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம். 1883-ல் அங்கே பீர் கெட்டபோது எமில் கிறிஸ்டியன் ஹான்சன், குற்றவாளி பாக்டீரியா இல்லை, கலந்துவிட்ட காட்டு ஈஸ்ட் என்று கண்டுபிடித்தார். ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதிலிருந்து ஈஸ்ட் வளர்த்தார். பாஸ்டர் பார்க்காமல் விட்ட பாதி அது.

அந்த வருஷங்களில் பாஸ்டர் பீரைத் தாண்டிப் போயிருந்தார். 1885-ல் வெறிநாய்க்கடி சிகிச்சை, 1888-ல் பாரிஸில் அவர் பெயரில் நிறுவனம். (நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல் வந்தது.) 1895 செப்டம்பர் 28-ல் காலமானார்.

அதே கார்ல்ஸ்பெர்க்கில் 1904-ல் ஒரு திருப்பம். கிளவுசன் என்ற ஆய்வாளர், நீண்ட நாள் வைத்துக் குடிக்கும் இங்கிலாந்து பீர்களை ஆராய்ந்தார். அந்தப் பழைய ருசிக்குக் காரணம் பிரெட்டானோமைசஸ் என்ற இன்னொரு ஈஸ்ட். மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். சாதாரண லாகரில் புகுந்தால் நாசம். பெல்ஜியத்தின் கூஸ் போன்ற புளிப்பு பீர்களிலோ அதுதான் உயிர்.

அப்படியானால் உங்கள் கையில் இருக்கும் பீர் பழசானால் நல்லதா, கெட்டதா? அது எந்த பீர் என்பதைப் பொறுத்தது. ஐ.பி.ஏ. மாதிரி ஹாப்ஸ் மணம் தூக்கலான பீரில், அந்த மணம்தான் முதலில் போகும். நாளாக ஆக ஆக்சிஜன் வேலையால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை வரும். பாஸ்டரைஸ் பண்ணியிருந்தாலும் வரும், ஏனென்றால் சூடு கிருமியைக் கொல்லுமே தவிர ஆக்சிஜனை வெளியேற்றாது. அந்தக் கண்ணாடிக் குழாய் சோதனைதான் இது. வெயிலில், சூடான குடோனில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். ஆல்கஹால் அதிகமுள்ள பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட் போன்றவை வேறு ரகம். கூர்மை அடங்கி, உலர்பழ வாசனை ஏறி, சில வருஷம்கூடத் தாங்கும். மற்றதற்கெல்லாம் பேக் செய்த தேதியைப் பார்ப்பதும், ஃபிரிட்ஜில் வைப்பதும்தான் வழி.

பீர் ஆராய்ச்சி மும்முரமாக நடந்த 1874-ல் பாஸ்டர் ஒரு சொத்து வாங்கினார். பீர் ஆலை அல்ல. ஆர்புவா பக்கத்தில் ஒரு சின்ன திராட்சைத் தோட்டம்.