கிற்றியின் கொதிகலன்

2009 இல் முகாமுக்குள் போனபோது எனது மகளுக்கு நான்கு மாதம். கையில் இருந்தவை ஆறு நப்பித் துணிகள். அவையும் எனது பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்தவை. ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர். குடித்து, சமைத்து, பிள்ளையைத் துடைத்த பிறகு மிஞ்சியதில்தான் அவற்றை அலசவேண்டும். அலசிய தண்ணீரைக் கூடாரத்துக்குப் பின்னால் ஊற்றுவேன். எல்லோரும் அப்படித்தான் ஊற்றினோம். பிறகு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது.

கிற்றி வில்கின்சனைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வாசித்தேன். 1786 இல் அயர்லாந்தின் டெறி நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது குடும்பம் லிவர்பூலுக்குக் கப்பலேறியது. கரையை நெருங்கும் வேளையில் தகப்பனையும் தங்கையையும் கடல் கொண்டுபோனது. பின்னர் பருத்தி ஆலையில் வேலை செய்தார். ஒரு மாலுமியை மணந்தார். அவரையும் கடல்தான் எடுத்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கிடைத்த கூலி வேலைகளைச் செய்து பிழைத்தார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேரின் கதை இது!

ரொம் வில்கின்சன் என்ற பண்டசாலைத் தொழிலாளியை அவர் இரண்டாவதாக மணந்தார். 1832 இல் லிவர்பூலில் கொலரா பரவியது. ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக நெருங்கி வாழ்ந்த தெருக்கள். நோயாளியின் துணியைத் தோய்க்க வெந்நீர் வைக்கக்கூட அங்கே வசதியில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொதிகலன் இருந்தது கிற்றியின் வீட்டில் மட்டும். அதை அயலவர்களுக்குத் திறந்துவிட்டார். செலவுக்கு வாரம் ஒரு பென்னி. துணிகளைப் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரில் போட்டுத் தோய்க்கச் செய்தார். போருக்குப் பிறகு எங்கள் கிணறுகளுக்குப் போட்டார்களே, அதே மணம்தான் அந்த வீட்டிலும் இருந்திருக்கும். கொலராக் கிருமியைப் பற்றி மருத்துவர்களுக்கே தெரியாத காலம் அது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளையும் அவர் தன் வீட்டில் சேர்த்துப் பராமரித்தார்.

றத்போன் வணிகக் குடும்பம் உதவிக்கு வந்தது. 1842 இல் பிரெடரிக் வீதியில் பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் திறக்கப்பட்டன. 1846 இல் கிற்றியும் ரொம்மும் அதன் மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். அதே ஆண்டு இப்படியான கூடங்களை அமைக்க நகரங்களுக்கு வழிசெய்யும் சட்டத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. விக்டோரியா மகாராணி வெள்ளித் தேநீர்க் கேத்தல் ஒன்றைப் பரிசளித்தார். கேத்தலை விட இன்னும் நான்கு கொதிகலன்கள் அந்தத் தெருவுக்குப் பயன்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. 1860 இல் காலமானார். லிவர்பூலின் சென் ஜோர்ஜ் மண்டபத்தில் ஆண்களின் சிலைகளுக்கு நடுவே முதல் பெண்ணாக அவருக்குச் சிலை வைத்தது 2012 இல்தான்.

அவர் உயிருடன் இருந்தபோதே, 1854 இல், லண்டன் புறோட் வீதியில் ஒரு தாய் நோயுற்ற குழந்தையின் நப்பிகளை அலசித் தண்ணீரை வீட்டுக் கழிவுக் குழியில் ஊற்றினாள். குழி கசிந்து பக்கத்துக் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. 600 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவளது குழந்தையும் பிழைக்கவில்லை. அவள் வேறெங்கே ஊற்றியிருப்பாள்?

எங்கள் வரிசையில் ஒரு அம்மம்மாவிடம் பெரிய அலுமினியப் பானை இருந்தது. இடப்பெயர்வு முழுக்க அதைத் தலையில் சுமந்து வந்தவர். விறகு கொண்டுவந்தால் பானை தருவேன் என்றார். மலத்தைத் தனியாக வழித்துப் புதைத்து, சவர்க்காரம் போட்டுக் கசக்கி, கொதிக்க வைத்து, கூடாரக் கயிற்றில் நல்ல வெயிலில் காயவிட்டோம். ஒரு வாரத்தில் என் மகளுக்குச் சுகமானது. எதிர்க் கூடாரத்துப் பிள்ளைக்கு ஆகவில்லை.

அந்த ஆறு துணிகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஏன் என்று மகள் கேட்டாள். பானைக்காரியின் கதையில் தொடங்கி, கிற்றியின் கதைக்குப் போனேன்.