ஜோசப் ஆர்ச்

ஜோசப் ஆர்ச் (நவம்பர் 10, 1826 – பெப்ரவரி 12, 1919) இங்கிலாந்தைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவரும் அரசியல்வாதியும் ஆவார். 1872 இல் வேளாண் கூலித் தொழிலாளர்களுக்கென நாடு தழுவிய சங்கத்தை நிறுவினார். 1885 இல் வடமேற்கு நார்போக் தொகுதியிலிருந்து பிரித்தானிய மக்களவைக்குத் தெரிவானார். வேளாண் கூலித் தொழிலாளர்களிடையே இருந்து அவ்வவைக்குச் சென்ற முதல் உறுப்பினராக இவர் கருதப்படுகிறார்.

இளமைக் காலம்

ஆர்ச் வாரிக்சயர் மாவட்டத்தின் பார்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பண்ணைத் தொழிலாளி. உணவு தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டங்களுக்கு ஆதரவான மனு ஒன்றில் கையெழுத்திட அவர் மறுத்தார். அதனால் 18 வாரங்கள் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. தாய் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். எனினும் குடியிருந்த வீடு சொந்த வீடாக இருந்ததால் நிலக்கிழார்களால் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற இயலவில்லை.

ஒன்பதாவது வயதில் ஆர்ச் வயல்களில் பறவை விரட்டும் வேலையில் சேர்ந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்குக் கூலி நான்கு பென்சு. பின்னர் உயிர்வேலி அமைக்கும் தொழிலில் தேர்ச்சி பெற்றுப் பல மாவட்டங்களுக்கும் சென்று வேலை செய்தார். மெதடிசத் திருச்சபையின் ஒரு பிரிவில் ஊதியம் பெறாத போதகராகவும் இருந்தார். மேடைப் பேச்சில் அவருக்குப் பயிற்சி அளித்தது இப்பணியே.

தொழிற்சங்கப் பணி

1872 பெப்ரவரி 7 ஆம் நாள் இரவு வெல்ஸ்போர்ன் என்னும் ஊரில், செஸ்நட் மரம் ஒன்றின் அடியில் தொழிலாளர் கூட்டம் நடைபெற்றது. விளக்குகளைக் கழிகளில் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். பன்றி அறுக்கப் பயன்படும் பலகையின் மீது நின்று ஆர்ச் உரையாற்றினார். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மக்கள் திரண்டிருந்தனர். அடுத்த மாதம் அவ்வூர்த் தொழிலாளர்கள் வாரக் கூலியை 16 சில்லிங்காக உயர்த்தக் கோரி வேலை நிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு லெமிங்டன் நகரில் தேசிய வேளாண் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. ஆர்ச் அதன் தலைவரானார்.

1874 இல் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 86,000 ஐத் தாண்டியது. அவ்வாண்டே கிழக்கு இங்கிலாந்தின் பண்ணையாளர்கள் சங்க உறுப்பினர்களுக்கு வேலை தர மறுத்துக் கதவடைப்புச் செய்தனர். பல மாதப் போராட்டத்தில் சங்கத்தின் நிதி கரைந்தது. அதன்பின் உறுப்பினர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது.

வாக்குரிமையும் வடமேற்கு நார்போக் தொகுதியும்

1867 ஆம் ஆண்டுச் சட்டம் நகரத் தொகுதிகளில் வீடு வைத்திருந்த தொழிலாளர்களுக்கு வாக்குரிமை அளித்தது. நாட்டுப்புறத் தொகுதிகளுக்கு அவ்வுரிமை நீட்டிக்கப்படவில்லை. எனவே வாக்குரிமைக் கோரிக்கையையும் ஆர்ச் முன்னெடுத்தார். 1880 இல் வில்ட்டன் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் போட்டியிட்டுத் தோற்றார்.

1884 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் பெண்களுக்கும் ஆண்களில் கணிசமான பகுதியினருக்கும் வாக்குரிமை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபோது வடமேற்கு நார்போக் தனித் தொகுதியாயிற்று. வேல்சு இளவரசர் எட்வர்டின் சாண்ட்ரிங்காம் மாளிகை இத்தொகுதிக்குள் அமைந்திருந்தது.

இத்தொகுதியில் ஆர்ச் நான்கு பொதுத்தேர்தல்களில் போட்டியிட்டார்:

1885 – கன்சர்வேட்டிவ் கட்சியின் ஹென்றி பென்டிங்க் பிரபுவை 640 வாக்குகளில் வென்றார்.
1886 – அவரிடமே 20 வாக்குகளில் தோற்றார்.
1892 – அவரை 1,089 வாக்குகளில் வென்றார்.
1895 – மீண்டும் வெற்றி பெற்றார்.

1886 சனவரியில், தொழிலாளர்களுக்குச் சிறு நிலங்கள் கிடைக்க வழிசெய்யக் கோரி ஜெசி காலிங்ஸ் கொண்டுவந்த திருத்தத்தை ஆர்ச் ஆதரித்தார். அத்திருத்தம் நிறைவேறியதால் சாலிஸ்பரி பிரபுவின் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த கிளாட்ஸ்டன் அரசு அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்க முயன்றபோது லிபரல் கட்சி பிளவுபட்டது. ஆர்ச் கிளாட்ஸ்டனின் பக்கம் நின்றார். அதன்பின் நடந்த தேர்தலில் லிபரல் கட்சி நாடெங்கும் பின்னடைவைச் சந்தித்தது. ஆர்ச்சும் தொகுதியை இழந்தார்.

அக்காலத்தில் மக்களவை உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை. அது 1911 இல்தான் வழங்கப்பட்டது. கூலித் தொழிலாளி ஒருவர் வாக்குரிமை பெற்றாலும் உறுப்பினராக நீடிப்பது எளிதாக இருக்கவில்லை.

பிற்காலம்

1893 இல் முதிய ஏழைகளின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தில் ஆர்ச் உறுப்பினரானார். அவரது தொகுதியில் மாளிகை கொண்டிருந்த இளவரசர் எட்வர்டும் அதே ஆணையத்தில் இடம்பெற்றார். முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908 இல்தான் இயற்றப்பட்டது.

வேளாண் நெருக்கடி, தொழிலாளர்களின் புலம்பெயர்வு, உட்பூசல் ஆகியவற்றால் நலிந்த சங்கம் 1896 இல் முடிவுக்கு வந்தது. ஆர்ச்சின் தன்வரலாறு வாரிக் சீமாட்டியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1898 இல் வெளியானது. 1900 இல் நாடாளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பார்போர்டுக்குத் திரும்பிய ஆர்ச், அங்கேயே தமது 92 ஆம் வயதில் காலமானார்.

அவருக்குப்பின் வடமேற்கு நார்போக்கை லிபரல் கட்சியின் ஜார்ஜ் வைட்டும், 1912 இடைத்தேர்தலில் வென்ற எட்வர்ட் ஹெமர்டேயும் தக்கவைத்தனர். 1918 இல் தொகுதி நீக்கப்பட்டது. இதே பெயரில் மற்றொரு தொகுதி 1974 இல் உருவாக்கப்பட்டது. நார்போக் வேளாண் தொழிலாளர்களின் தலைவரான ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1920 இல் தெற்கு நார்போக்கிலிருந்து, இம்முறை தொழிற்கட்சி உறுப்பினராக, மக்களவைக்குச் சென்றார்.