அக்மதோவா: மகனுக்காக எழுதிய பாட்டு

உருசியப் பெருங்கவிஞர் அன்னா அக்மதோவா 1889இல் ஒதெசா நகரை அடுத்துப் பிறந்தவர். இளமையிலேயே புகழ் வந்தது. துயரமும் பின்தொடர்ந்தது: மணமுறிவு பெற்ற கணவரும் கவிஞருமான குமிலியோவை அரசு 1921இல் சுட்டுக்கொன்றது. மகன் லேவ் 1938இல் சிறைப்பட்டபோது, லெனின்கிராடுச் சிறைவாயிலில் ஏனைய தாய்மாரோடு வரிசையில் நின்றார். இவ்வாறு பதினேழு மாதங்கள். அந்நாளையத் துயரப் பாடல்களைத் துண்டுத் தாளில் எழுதி லிதியா சுக்கோவ்ஸ்கயா போன்ற தோழியரிடம் காட்டுவார். அவர்கள் மனனம் செய்ததும் தாள் சாம்பலாகும்.

1946இல் எழுத்தாளர் ஒன்றியத்திலிருந்து நீக்கப்பட்டார். 1949இல் லேவ் மீண்டும் கைதானார், பத்தாண்டுத் தண்டனை. மறு ஆண்டே 'ஒகன்யோக்' இதழில் ஸ்டாலினைப் போற்றும் அக்மதோவாவின் கவிதைகள் வந்தன. அவர் கைக்குச் சற்றும் பொருந்தாத, உயிரற்ற கவிதைகள். பிள்ளையைப் பிணையாக வைத்திருந்தவனை விட்டுவிட்டுத் தாயைப் பழிப்பது நேர்மையாகாது. எனினும் அவர் தம்மை மன்னித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவை தம் தொகுப்புகளில் இடம்பெறலாகாது என்றே பின்னாளில் விரும்பினார்.

அந்தப் பாட்டு மகனை மீட்கவுமில்லை. ஸ்டாலின் 1953 மார்ச்சு 5இல் இறந்தார். லேவ் 1956இல்தான் விடுதலையானார். தாய் தமக்காகப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று அவர் மனம் கசந்திருந்தார். அக்கசப்பு தீராமலே, 1966இல், அதே மார்ச்சு 5இல் அக்மதோவா மறைந்தார். மனத்தில் காத்த பாடல்கள் அவர் நாட்டில் முழுமையாக அச்சேற 1987 ஆயிற்று.