ஏர்லைன் பறக்க விடவில்லை, அரசு வேலைக்குப் போனார்: யார் இந்த ஹெலன் ரிச்சி?

1935-ம் ஆண்டின் கடைசி மாதங்களில், அமெரிக்க ஏர்லைன் ஒன்றில் கோ-பைலட்டாக இருந்த ஒரே பெண் தன் வேலையை ராஜினாமா செய்தார். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம், மத்திய அரசின் விமானத் துறை. பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தவர், வழி தவறும் விமானிகள் பத்திரமாகத் தரையிறங்க ஏற்பாடு செய்யும் வேலைக்கு மாறினார்.

ஏர்லைனை விட்டுவிட்டு அரசின் விமானப் பாதுகாப்பு வேலைக்குப் போகிற பைலட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ராத்திரி வீட்டில் தூங்கலாம், குழந்தைகளோடு இருக்கலாம் என்று காரணங்கள் இருக்கும். ஹெலன் ரிச்சியின் காரணம் வேறு. அவரை வேலைக்கு எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பறக்க மட்டும் விடவில்லை.

பேன்ட் போட்ட பொண்ணு

பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் பக்கத்தில் உள்ள இரும்பு ஆலை ஊர் மெக்கீஸ்போர்ட். அங்கேதான் 1909 நவம்பர் 21-ல் ஹெலன் வளர்ந்த குடும்பத்தின் கதை தொடங்குகிறது. அதுதான் அவர் பிறந்த நாள். அப்பா அந்த ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளர். அந்தக் காலத்தில் ஊரில் பேன்ட் போட்டுக்கொண்டு திரிந்த ஒருசில பெண்களில் ஹெலனும் ஒருவர். 20 வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் வந்ததும் அப்பா ஒரு விமானமே வாங்கிக் கொடுத்தார். வசதியான வீடுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வசதியால் வந்தது இல்லை.

1933 டிசம்பரில் மயாமி நகரத்துக்கு மேலே ஹெலனும் பிரான்சிஸ் மார்சாலிஸ் என்ற இன்னொரு பெண் விமானியும் தரையிறங்காமல் பறந்துகொண்டே இருந்தார்கள். எரிபொருளும் சாப்பாடும் இன்னொரு விமானத்திலிருந்து வரும். ஒருமுறை எரிபொருள் குழாய் பட்டு இறக்கையின் மேல்துணி கிழிந்துவிட்டது. (அன்றைய சிறு விமானங்களின் இறக்கைகள் துணி போர்த்தியவை.) ஹெலன் நடுவானில் வெளியே ஏறிப்போய் அதை ஒட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார். மொத்தம் 9 நாள், 21 மணி நேரம், 42 நிமிடம். பெண்களுக்கான சாதனை அது. எட்டு மாதம் கழித்து, டேட்டன் நகரில் நடந்த பெண்கள் விமானப் போட்டியில் மார்சாலிஸ் விபத்தில் இறந்துபோனார். ஹெலனும் அந்தப் போட்டியில் கலந்துகொண்டிருந்தார்.

வேலை கிடைத்தது, வானம் கிடைக்கவில்லை

சென்ட்ரல் ஏர்லைன்ஸ் என்ற சின்ன நிறுவனம் கோ-பைலட் தேடியது. விண்ணப்பித்த ஆண்களைத் தாண்டி ஹெலனுக்கு வேலை கிடைத்தது. 1934 டிசம்பர் 31 அன்று, மூன்று எஞ்சின் கொண்ட ஃபோர்டு விமானத்தில் வாஷிங்டனிலிருந்து டெட்ராய்ட் வரை முதல் பயணம். அமெரிக்காவில் கால அட்டவணைப்படி இயங்கும் ஏர்லைன் ஒன்றில் வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் பெண் பைலட் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அப்போது அவருக்கு வயது 25.

பிரச்சினை உடனே ஆரம்பித்தது. விமானிகளின் யூனியனான ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் (சுருக்கமாக ஆல்பா) அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. மோசமான வானிலையில் இவ்வளவு பெரிய விமானத்தைக் கையாளும் உடல் பலம் பெண்ணுக்குக் கிடையாது என்பது வாதம். சிவில் விமானப் போக்குவரத்து அன்றைக்கு அமெரிக்க வர்த்தகத் துறையின் கையில் இருந்தது. யூனியனோடு மோத விரும்பாத அந்தத் துறை, வானிலை நன்றாக இருக்கும்போது மட்டும் ஹெலன் பறக்கட்டும் என்று நிறுவனத்துக்குச் சொன்னது.

கேட்பதற்கு இது சின்ன நிபந்தனை மாதிரி இருக்கும். பைலட் தொழிலில் அது சின்னது இல்லை. ஒரு கோ-பைலட் கேப்டனாக வேண்டுமென்றால் மேகத்துக்குள்ளும் மழையிலும் பனியிலும் கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டிய அனுபவம் வேண்டும். அந்த மணி நேரங்கள் லாக் புத்தகத்தில் ஏறவில்லை என்றால் பதவி உயர்வு இல்லை. மோசமான வானிலையில் ஓட்டத் தெரியாது என்று சொல்லி மோசமான வானிலையில் ஓட்டவிடாமல் வைத்தால், கடைசிவரை தெரியாமலேதான் இருக்கும். வேலைநீக்கம் என்ற வார்த்தையே இல்லாமல் ஒருவரை வெளியே அனுப்புகிற வழி இது. இன்றைய அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பென்சில்வேனியா, ஓஹையோ பக்கத்தில் மாதத்துக்கு எத்தனை நாள் வானம் தெளிவாக இருக்கும்? சுமார் பத்து மாதத்தில் அவர் போய்வந்த பயணங்கள் ஒரு டஜனைத் தாண்டவில்லை. மீதி நாட்களில் கம்பெனி விளம்பரத்துக்காகப் பேசவும் போஸ் கொடுக்கவும் அனுப்பினார்கள். 1935 இலையுதிர்காலத்தில் அவர் ராஜினாமா செய்தார். புகழ்பெற்ற விமானி அமீலியா ஏர்ஹார்ட் இதைப் பொதுவெளியில் கண்டித்தார். பெண்கள் உரிமைப் போராளி ஆலிஸ் பாலும் குரல் கொடுத்தார். எதுவும் மாறவில்லை.

கூரைகளில் ஊர்ப்பெயர்

இங்கேதான் கதை திரும்புகிறது. ஃபீபி ஓம்லி என்ற பெண் விமானி அப்போது அரசுப் பணியில் இருந்தார். அவர் யோசனையில் உருவான திட்டம் ஏர் மார்க்கிங். அதற்கு விமானிகளைத் தேர்ந்தெடுத்தபோது ஹெலனையும் கூப்பிட்டார். திட்டத்தை நடத்தியது வர்த்தகத் துறையின் கீழ் இருந்த விமான வணிகப் பிரிவு. ஆமாம், ஹெலன் நல்ல வானிலையில் மட்டும் ஓட்டினால் போதும் என்று சொன்ன அதே வர்த்தகத் துறைதான்.

திட்டம் என்ன? ஜிபிஎஸ் கிடையாது. ஏர்லைன் விமானங்களுக்கு ரேடியோ வழிகாட்டி ஓரளவு இருந்தது, ஆனா சிறு விமானம் ஓட்டும் தனியாருக்கு ரேடியோ வாங்கக் கட்டுப்படியாகாது. அவர்கள் சாலை வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, ரயில் தண்டவாளத்தைப் பின்தொடர்ந்து போவார்கள். மூட்டம் வந்து தண்டவாளம் கண்ணிலிருந்து மறைந்தால் முடிந்தது கதை. கீழே தெரிவது எந்த ஊர் என்றே தெரியாது, எரிபொருள் தீர்ந்துகொண்டே இருக்கும்.

அதற்கு ஓம்லியின் பதில் ரொம்ப எளிமையானது: ஊர்ப்பெயரைக் கூரையில் எழுதி வை. கொட்டகை, தொழிற்சாலை, தண்ணீர்த் தொட்டி என்று மேலிருந்து தெரிகிற எதுவாக இருந்தாலும் சரி. சுமார் 15 மைலுக்கு ஒன்று. விமானி ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து படிக்கும் அளவுக்கு, ஓர் ஆள் உயரத்தைவிடப் பெரிய எழுத்துகள். வடக்கு எந்தப் பக்கம், பக்கத்து விமானநிலையம் எந்தப் பக்கம் என்று காட்டும் குறிகளும் உண்டு. ஊரே இல்லாத வெட்டவெளியா? கல்லையும் செங்கல்லையும் வெள்ளையடித்துத் தரையிலேயே எழுத்தாக அடுக்கினார்கள்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய டபிள்யூபிஏ திட்டத்தின் பணத்தில் பெயின்ட் அடிக்கும் கூலி கொடுக்கப்பட்டது. ஹெலன், லூயி தேடன் போன்ற விமானிகள் மாநிலம் மாநிலமாகப் போய் அதிகாரிகளையும் கட்டட உரிமையாளர்களையும் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். பாதி வேலை பறப்பது, மீதி வேலை கெஞ்சுவது என்று சொல்லலாம். 1936-ம் ஆண்டின் நடுவில் 30 மாநிலங்கள் திட்டத்தில் இருந்தன. 16,000 குறிகளுக்கு, ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில் ஒப்புதல் கிடைத்திருந்தது.

ஏர்லைன் சீருடையோடு ஒப்பிட்டால் இதில் கவர்ச்சி இல்லை. ஆனா மோசமான வானிலைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர், மோசமான வானிலையில் மாட்டிக்கொள்கிற மற்றவர்களுக்கு வழி காட்டும் வேலையைச் செய்தார். ஏர்லைனில் ஒரு வருஷம் கோ-பைலட்டாக இருந்து செய்திருக்கக்கூடியதைவிட அதிகம் பேருக்கு இந்த வேலை உதவியிருக்கும்.

அதற்குப் பிறகு

1936-ல் சிறு விமானங்களுக்கான உயரச் சாதனை ஒன்றையும் படைத்தார். அதே ஆண்டு பென்டிக்ஸ் பந்தயத்தில், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை, அமீலியா ஏர்ஹார்ட்டோடு சேர்ந்து பறந்து ஐந்தாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? ஏர் மார்க்கிங் சக ஊழியர் லூயி தேடனும், பின்னாளில் அந்தத் திட்டத்தைப் பல வருஷம் நடத்திய பிளான்ச் நாய்ஸும். 1940-ல் அரசு உரிமம் பெற்ற விமானப் பயிற்றுநர் ஆனார் ஹெலன். ஏர்லைன் நம்பாத கைகள், போருக்குத் தயாராகும் நாட்டுக்கு விமானிகளை உருவாக்கின.

1942-ல் பிரிட்டன் போனார். தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களை விமானப்படைத் தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கும் ஏடிஏ அமைப்பில் வேலை. ஜாக்குலின் காக்ரன் அமெரிக்கா திரும்பியதும், அங்கிருந்த அமெரிக்கப் பெண்களுக்கு ஹெலன் தலைமை ஏற்றார். பிறகு ஊர் திரும்பி, வாஸ்ப் என்ற பெண் விமானிகள் படையில் சேர்ந்தார். இரண்டு எஞ்சின் கொண்ட பி-25 குண்டுவீச்சு விமானங்களையெல்லாம் ஓட்டினார். மூன்று எஞ்சின் ஃபோர்டுக்கு உடல் பலம் பத்தாது என்று பேசியவர்கள் இதைக் கவனித்தார்களா என்பது தெரியவில்லை.

1944 டிசம்பரில் வாஸ்ப் கலைக்கப்பட்டது. அவர்களை ராணுவத்தினராகவே அரசு கணக்கில் எடுக்கவில்லை. முன்னாள் படையினர் என்ற அந்தஸ்து 1977-ல்தான் வந்தது. போர் முடிந்து ஆயிரக்கணக்கான ஆண் விமானிகள் வீடு திரும்பினார்கள். ஏர்லைன்களுக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஹெலனுக்குப் பறக்கும் வேலை கிடைக்கவில்லை. 1947 ஜனவரி 7-ல் நியூயார்க்கில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று கருதப்பட்டது. வயது 37.

அமெரிக்காவில் கால அட்டவணைப்படி இயங்கும் ஏர்லைன் அடுத்த பெண் பைலட்டை வேலைக்கு எடுத்தது 1973 ஜனவரியில். ஃபிரன்டியர் ஏர்லைன்ஸில் சேர்ந்த அவர் பெயர் எமிலி ஹவல். மறு ஆண்டே ஆல்பா யூனியன் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த யூனியனின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1976-ல் கேப்டன் ஆனார். 1990-ல் எஃப்ஏஏ-வில், அதாவது ஹெலன் வேலை பார்த்த அந்தப் பழைய விமானப் பிரிவின் இன்றைய வாரிசு அமைப்பில், ஏர்லைன்களைச் சோதிக்கும் ஆய்வாளராகச் சேர்ந்தார்.