பொறி தந்த பெருமகன் ராபர்ட் பாஷ்

பொறி என்ற சொல்லுக்குத் தமிழில் இயந்திரம் என்றும் பொருள் உண்டு; தீப்பொறி என்றும் பொருள் உண்டு. பெட்ரோல் என்ஜினுக்கு இரண்டுமே வேண்டும். எவ்வளவு பெரிய என்ஜினாக இருந்தாலும் சரியான நேரத்தில் பிளக்கில் அந்தச் சின்னத் தீப்பொறி விழவில்லை என்றால் அது வெறும் இரும்புதான். உலகத்து என்ஜின்களுக்கெல்லாம் அந்தப் பொறியை நம்பும்படி செய்து கொடுத்த ராபர்ட் பாஷ் என்ற ஜெர்மானியரின் வாழ்க்கையை இந்த மலர் வழியாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் பாஷ் என்றால் சில பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். மைக்கோ என்று சொல்லிப் பாருங்கள்! டிராக்டர் ஓட்டுபவர், கரும்பு லாரி டிரைவர், போர்வெல் வண்டிக்காரர் என எல்லாரும் மைக்கோ பம்பு, மைக்கோ பிளக் என்பார்கள். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம்தான் மைக்கோ. அது பாஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளை. 2008-இல் பெயரும் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது.

இவரைப் பற்றி நான் படிக்கக் காரணம் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். நாங்களே வெல்டிங் செய்த ஃபிரேமில் பழைய மாருதி 800 காரின் என்ஜினைப் பொருத்துகிறோம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் மாடல். கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் அளவையும் பொறி விழும் நேரத்தையும் கணக்குப் போடும் இ.சி.யூ. என்ற பெட்டியை வைக்கலாமா, வைத்தால் எதை வைப்பது என்று எங்கள் அணிக்குள் பெரிய விவாதம். எங்க அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். எங்க வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். என் பங்குக்கான பணம் அம்மா மகளிர் குழுவில் வாங்கின கடன். அதனால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எனக்கு விளையாட்டு இல்லை. விடை தேடித்தான் இந்த மனிதரின் வாழ்க்கைக்குள் போனேன்.

பிறப்பும் படிப்பும்

ராபர்ட் பாஷ் 1861 செப்டம்பர் 23-ஆம் நாள் ஜெர்மனியில் உல்ம் நகருக்கு அருகில் ஆல்பெக் என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், இவர் பதினொன்றாவது. அப்பா விவசாயமும் பார்த்து, வழிப்போக்கர் தங்கும் விடுதியும் நடத்தியவர். வசதியில் குறைவில்லாத குடும்பம்தான். ஆனாலும் ராபர்ட் நீண்ட படிப்புப் படிக்கவில்லை. பள்ளி முடிந்ததும் 1876-இல் உல்மில் ஒரு நுண்கருவிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே முதலாளி சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த மனக்குறை அவருக்குள் கடைசி வரை இருந்தது. அது பின்னால் பல ஆயிரம் பேருக்கு நன்மையாக முடிந்ததைப் பிறகு சொல்கிறேன்.

தொழில் பழகியபின் பல ஊர்ப் பட்டறைகளில் வேலை பார்த்தார். 1883-இல் ஸ்டுட்கார்ட் நகரில் உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் சுமார் ஆறு மாதம் மட்டும் பாடம் கேட்டார். அந்தக் கல்வி நிலையத்தின் அப்போதைய பெயர் என்ன தெரியுமா நண்பர்களே? பாலிடெக்னிக்! ஆக, அவரும் ஒரு வகையில் நம்ம ஆள்தான்.

1884-இல் கப்பலேறி அமெரிக்கா போனார். நியூயார்க்கில் எடிசனின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியில் வேலை. கையில் தொழில், மனதில் துணிவு, இரண்டோடும் ஊர் திரும்பினார்.

சின்னப் பட்டறை

1886 நவம்பர் 15-ஆம் நாள் ஸ்டுட்கார்ட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். முதலீடு 10,000 மார்க். அப்பா விட்டுச்சென்ற சொத்தில் வந்த பணம். உதவிக்கு ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன். அவ்வளவுதான்! டெலிபோன் மாட்டுவது, மின்சார மணி பொருத்துவது என்று எந்த வேலை வந்தாலும் செய்தார். வாடிக்கையாளர் வீடுகளுக்கு சைக்கிளில் போனார். பல ஆண்டுகள் கடனோடுதான் ஓட்டினார்.

1887-இல் ஒரு சிறிய இயந்திரத் தயாரிப்பாளர் வந்து தன் என்ஜினுக்கு மேக்னெட்டோ வேண்டும் என்று கேட்டார். மேக்னெட்டோ என்பது பேட்டரி இல்லாமல் காந்தத்தைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கிப் பொறி தரும் கருவி. பாஷ் உடனே செய்ய உட்காரவில்லை. டாய்ட்ஸ் கம்பெனி என்ஜின் ஒன்றில் அப்படிப்பட்ட கருவி இருப்பதை அறிந்து, ஷோர்ண்டார்ஃப் என்ற ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தார். அதற்குக் காப்புரிமை ஏதும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இல்லை என்றதும் அதை இன்னும் நன்றாகச் செய்து கொடுத்தார். மேக்னெட்டோவை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததைப் பார்த்து, குறை களைந்து, நம்பும்படி செய்தார். அவர் பெருமையே அதில்தான் இருக்கிறது.

ஓடுகிற வண்டியில் பொறி

அதுவரை மேக்னெட்டோ ஓரிடத்தில் நிற்கும் என்ஜின்களுக்குத்தான் பயன்பட்டது. 1897-இல் ஃபிரெட்ரிக் சிம்ஸ் என்ற வியாபாரி, பிரான்ஸ் நாட்டு டி டியோன் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு மேக்னெட்டோ பொருத்தித் தரச் சொன்னார். யாரோ செய்த வண்டிக்கு வேறு யாரோ செய்த கருவியை வெளியிலிருந்து வாங்கி மாட்டும் வேலை! இன்று மாடிஃபைட் கார் வைத்திருப்பவர் கடையில் இ.சி.யூ. தேடுகிறாரே, அந்தக் கதை அன்றே தொடங்கிவிட்டது.

சிக்கல் வேகத்தில் வந்தது. அந்த வண்டி என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றியது. பழைய மேக்னெட்டோவின் கனமான ஆர்மெச்சர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பட்டறையில் இருந்த ஆர்னால்டு ட்ஸேரிங்கர் ஒரு வழி கண்டார். ஆர்மெச்சரை அசையாமல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி ஒரு லேசான உலோக உறையை மட்டும் ஆடவிட்டார். வேலை முடிந்தது. மோட்டார் வண்டிக்குள் மேக்னெட்டோ நுழைந்தது.

1902-இல் காட்லோப் ஹோனால்டு என்ற இன்னொரு உதவியாளர் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அதோடு பொருந்தும் பிளக்கும் சேர்ந்தே வந்தது. கருவி ஒரு பக்கம், பிளக் ஒரு பக்கம் என்று இல்லாமல் இரண்டும் ஒரே செட். 1906-இல் ஒரு லட்சமாவது மேக்னெட்டோ தயாரானது. இருபது ஆண்டுக்கு முன் இருவரை வைத்து ஆரம்பித்த பட்டறை அது!

தொழிலாளர் தோழர்

அதே 1906-இல் தன் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். 1910-இல் ஸ்டுட்கார்ட் கல்வி நிலையத்துக்குப் பத்து லட்சம் மார்க் நன்கொடை கொடுத்தார். ஆறு மாதம் படித்த இடத்துக்கு அவர் செலுத்திய நன்றி! 1913-இல் தொழில் பழகும் இளைஞர்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பட்டறை அமைத்தார். தனக்குக் கிடைக்காத நல்ல பயிற்சி அடுத்தவருக்குக் கிடைக்கட்டும் என்று செய்தார். 1940-இல் ஸ்டுட்கார்ட்டில் அவர் பெயரில் மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

வேலை நிறுத்தமும் கண்டார், 1921-இல் மகனைப் பறிகொடுத்த துயரமும் கண்டார். ஆனாலும் 1922-இல் டீசல் பம்பு ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1927-இல் பம்பு உற்பத்திக்கு வந்தது. இன்று நம்ம ஊர் டிராக்டரில் இருக்கிற பம்புக்கு அதுதான் பாட்டன்.

வாழ்க்கை வரலாறு என்றால் நல்லதை மட்டும் எழுதக் கூடாது. ஹிட்லர் காலத்தில் இவர் கம்பெனியும் போர்த்தளவாட உற்பத்தியில் இருந்தது. போர்க் காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அதே சமயம் பாஷ் ஹிட்லரை எதிர்த்த குழுவினருக்கு ஆதரவாக இருந்தார்; யூதர்கள் பலருக்கு உதவினார். இரண்டும் உண்மை. 1942 மார்ச் 12-ஆம் நாள் தமது 80-ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின்

மறைந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் காரில் பாஷின் மின்னணு பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. 1979-இல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்த மோட்ரானிக், பெட்ரோலையும் பொறியையும் ஒரே பெட்டியில் கவனித்தது. நாங்கள் விவாதம் செய்கிற இ.சி.யூ. அதன் வாரிசுதான்.

அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் கல்வராயன் மலைக்கு வாருங்கள். எங்க சித்தப்பா பழைய கார்புரேட்டர் ஆம்னி வேனில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சரக்கு ஏற்றிப் போவாரு. கீழே சமவெளியில் வண்டி பட்டு மாதிரி ஓடும். மேலே ஏற ஏற இழுவை குறையும், புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும். காரணம் இதுதான்: 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்துவிடும். கார்புரேட்டர் ஜெட்டுக்கு அது தெரியாது. அதே துளையில் ஏறக்குறைய அதே பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு தவறிப்போகும். இ.சி.யூ.வில் காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் இருப்பதால் அது பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். நேரக் கணக்கும் அப்படித்தான். 3,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியில் 18,000-இல் ஒரு பங்கு!

எங்கள் முன் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கார்புரேட்டரையே வைத்து ஜெட்டைச் சரிசெய்வது. இரண்டு, இன்ஜெக்ஷன் மாடல் மாருதி 800 காரில் கம்பெனி வைத்த இ.சி.யூ.வைப் பழைய சாமான் கடையில் வயரிங்கோடு வாங்குவது. மூன்று, லேப்டாப்பில் நாமே எண்கள் போட்டு அமைக்கிற வெளிச்சந்தை இ.சி.யூ. மூன்றாவதுதான் கண்காட்சியில் எடுப்பாகத் தெரியும் என்பது நண்பர்கள் சிலர் கட்சி.

பாஷ் வாழ்க்கையை வைத்து நான் இப்படி யோசித்தேன். முதலில் என்ஜினைப் போய்ப் பார்க்கணும். கிராங்க் நிலையைக் காட்டும் பல்சக்கரம் இருக்கா, எந்த வகை இன்ஜெக்டர், எந்த வகை காயில் என்று பட்டியல் போடணும். அந்தப் பல்சக்கரத்தைப் படிக்கத் தெரியாத பெட்டி எவ்வளவு விலை உயர்ந்தது என்றாலும் நமக்கு உதவாது. அடுத்து, பிளக்கும் மேக்னெட்டோவும் போல எல்லாம் ஒரே செட்டாக வரணும். இன்ஜெக்ஷனுக்கு 3 பார் அளவுக்கு அழுத்தம் தரும் பெட்ரோல் பம்பு, சென்சார்கள், வயரிங், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. பெட்டி விலையை மட்டும் பார்த்தால் பாதியில் பணம் தீரும். கடைசியாக, பழுது பார்க்க ஆள் வேணும். பாஷ் 1921-லேயே சர்வீஸ் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது அதனால்தான். வயரிங் படம் இல்லாமல் யாரோ மலிவாக வாங்கின பெட்டி ஒன்று எங்கள் லேப் அலமாரியில் இன்னும் தூங்குகிறது.

என் முடிவு இது. என்ஜினின் உள்ளே கேம் ஷாஃப்ட்டையோ கம்ப்ரஷனையோ மாற்றினால் கம்பெனி போட்டுவைத்த எண்கள் பொருந்தாது. அப்போது மூன்றாவது வழிதான் சரி. ஆனால் அதற்குக் கலவையை அளந்து பார்க்கும் கருவியும், டியூனிங் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்கணும். பெட்ரோல் குறைந்த கலவையில் அழுத்தி ஓட்டினால் பிஸ்டனே உருகும். நாங்கள் மாற்றியது ஃபிரேமைத்தான்; என்ஜின் உள்ளே அப்படியே இருக்கிறது. ஆகவே இதே 796 சி.சி. என்ஜினுக்கென்று கம்பெனி சோதித்துப் போட்ட இ.சி.யூ.வே போதும். திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள மாடல் என்றால் சாவியையும் சேர்த்து வாங்கணும், அவ்வளவுதான். எங்கள் வண்டி கல்லூரி வளாகத்துக்குள் மட்டுமே ஓடும். ரோட்டில் ஓடும் வண்டி என்றால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருப்பதையும் நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். அதனால் சித்தப்பா வேனுக்கு நான் சொல்வது முதல் வழிதான்.

அணியில் இன்னும் ஓட்டு எடுக்கவில்லை. என் கருத்தைப் பட்டியலோடு எழுதி நண்பர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். அம்மா கட்டப்போகிற ஒவ்வொரு தவணையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

புதுசு என்பதற்காக எதையும் வாங்காமல், நேரில் பார்த்து, அளந்து, சோதித்து, பொறுப்பேற்றுச் செய்தவர் ராபர்ட் பாஷ். இரண்டு உதவியாளரோடு அவர் தொடங்கினார். நம் பட்டறையில் நாம் அறுபது பேர் இருக்கிறோம். பொறியாளர் என்ற பெயருக்குப் பொருத்தமாக உழைப்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை